பாரம் எந்தக் காலில்? மட்டக்களப்பில் இருந்தபடியே ஆளைப் பார்த்துக் கீறப் பழகுதல்

அனிமேஷன் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் முதல் கொப்பியில் பெரும்பாலும் முகங்கள்தான் இருக்கும். பெரிய கண், கூர்நாடி, காற்றில் பறக்கும் முடி. கழுத்துக்குக் கீழே பார்த்தால் ஆள் நிற்கமாட்டார். தாளில் ஒட்டிவைத்தது போல் இருப்பார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கொழும்பில் ஓரிடத்தில் வேலை கேட்டுப் போனபோது, என் நாற்பது தாளையும் புரட்டிப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஆளின்ர பாரம் எந்தக் காலில இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கீறிய ஒரு ஆளுக்கும் பாரம் என்ற ஒன்றே இருக்கவில்லை.

இரவு பஸ்ஸில் ஊர் திரும்பி, விடியற்காலை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கே நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவரும் இரண்டு காலிலும் சமமாக நிற்கவில்லை. ஒரு கால் தூண், மற்றது ஓய்வு. பை தொங்கும் தோள் ஒன்று, அதைச் சமாளிக்கச் சரியும் இடுப்பு ஒன்று. பிறந்ததிலிருந்து பார்த்த ஊர்தான். அன்றுதான் கண்ணில் பட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நடப்பது, எறிவது, எழுவது எல்லாமே பாரம் இடம் மாறுவதுதான். பாரம் தெரியாமல் கீறினால் படங்களை ஓடவிடும்போது ஆள் நிலத்தில் வழுக்கிக்கொண்டு போவார். பெரிய இடங்களுக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டது. 1932 இல் டிஸ்னி ஸ்டூடியோ, டொன் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியரை அழைத்துத் தன் அனிமேட்டர்களுக்கு ஆளைப் பார்த்துக் கீறும் வகுப்புகளை நடத்தியது. அவர்கள் அப்போதே சம்பளம் வாங்கும் தொழிற்காரர்கள். பகல் வேலை முடிய இரவில் இருந்து கீறினார்கள். அந்த ஸ்டூடியோவின் முதல் முழுநீளப் படம் 1937 டிசம்பரில்தான் வந்தது.

வகுப்புகளில் இதை லைஃப் ட்ரோயிங் என்பார்கள். ஒரு மண்டபம், நடுவில் அசையாமல் நிற்கும் மொடல், சுற்றிவரப் பலகைகள். அந்த வசதி நம்மில் அநேகருக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது அசையும் ஆட்கள். அனிமேஷனுக்கு அது குறையே இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சாமான்கள்

ஒரு சீஆர் கொப்பி, ஒரு போல்பொயின்ற் பேனை. முதல் மூன்று மாதத்துக்கு இது போதும். கூடுதலாக வேண்டுமென்றால் ஏ4 தாள் கட்டு ஒன்றும், 4பி பென்சிலும், கிளிப் வைத்த அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அட்டைக்குக் கீழேயும் ஒரு கிளிப் போடவேண்டும், இல்லாவிட்டால் தாள் முகத்தில்தான் அடிக்கும்.

அழிறப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அது கையில் இருந்தால் ஒரு மூக்கைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே ஆள் பஸ் ஏறிப் போய்விடுவார். பிழையான கோடு பிழையாகவே கிடக்கட்டும், பக்கத்தில் இன்னொன்றைக் கீறுங்கள். கணினியில் கீறும் டெப்லெட் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

எங்கே இருப்பது, எப்படி இருப்பது

தொடங்குவதற்கு மிக நல்ல இடம் புகையிரத நிலையம். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் நெடுநேரம் ஒரே இடத்தில் இருப்பார்கள், சாமான் மூட்டைகளில் சாய்வார்கள், தூங்குவார்கள். கை பழகிய பிறகு பஸ் நிலையம், காந்திப் பூங்கா, கல்லடிப் பாலத்தின் கைபிடி ஓரம். அதற்குப் பிறகு கல்லடிக் கடற்கரை. சந்தையைக் கடைசிக்கு வையுங்கள்; அங்கே ஒருவரும் ஐந்து விநாடி நிற்கமாட்டார்கள். அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கல்முனைச் சந்தை இருக்கிறது, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து நெல் ஆலைகள் இருக்கின்றன, மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. தறிக்காரரின் காலும் கையும் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப அசையும். ஒரு அசைவைச் சுழற்சியாகக் கீறப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒருவரை அருகில் இருந்து, அவர் என்று அடையாளம் தெரியும்படி கீறுவதாக இருந்தால் முதலில் கேளுங்கள். "அண்ணை, நான் படம் கீறப் பழகுறன், நீங்க வேலை செய்யிறதைக் கீறட்டுமா?" என்றால் பத்தில் எட்டுப் பேர் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே கொப்பியை மூடுங்கள். பிள்ளைகளைக் கீறுவதாக இருந்தால் கூட வந்த பெரியவரிடம் கேளுங்கள். உருவப்படம் கீறுவதை விரும்பாத முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அதை மதித்து நடவுங்கள். தூரத்தில் இருந்து, முகம் இல்லாமல், நிற்கும் விதத்தை மட்டும் எடுப்பதில் ஒருவருக்கும் சங்கடம் வராது. முதல் மாதங்களில் நமக்கு முகம் தேவையும் இல்லை. இராணுவ முகாம், பொலிஸ் காவலரண் பக்கம் கொப்பியை எடுக்கவே வேண்டாம். பெண்பிள்ளைகள் இரண்டு பேராகப் போனால் கேள்விகள் குறையும், ஒருவர் கீறும்போது மற்றவர் பேச்சுக் கொடுக்கலாம்.

முதல் வாரம்: கழுத்துக்குழியும் குதிக்காலும்

மேசன்மார் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார்கள் அல்லவா? அதே வேலைதான். ஒரு முழ நூலில் சின்னக் கல்லைக் கட்டிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். நிற்கும் ஒருவரை முன்னாலிருந்து பார்க்கும்போது, கையை நீட்டி ஒரு கண்ணை மூடி, நூலை அவருடைய கழுத்துக்குழிக்கு நேரே பிடியுங்கள். இரண்டு கழுத்தெலும்பும் சந்திக்கும் பள்ளம்தான் கழுத்துக்குழி. ஆள் ஒரு காலில் பாரம் வைத்து நின்றால் நூல் அந்தக் காலின் பாதத்துக்கு மேலே வந்து விழும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் நடுவில் விழும். எதையாவது சாய்ந்து நின்றால் இரண்டு பாதத்துக்கும் வெளியே போகும். அப்போது அவரைத் தாங்குவது சுவரோ தூணோ, அதையும் சேர்த்துக் கீறவேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது இடுப்பு. பாரம் தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயரும், ஓய்ந்த காலின் பக்கம் தாழும். தோள் அதற்கு எதிராகச் சரியும். சாரம் கட்டியவரிடம் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், இடுப்புக் கட்டு ஒரு கோடு போலச் சரிந்திருக்கும். சேலையில் கொசுவத்துக்கு மேலே பாருங்கள்.

முதல் வாரம் முழுக்க இவ்வளவுதான் கீறவேண்டும்: தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, இரண்டு கால், பாரம் விழும் பாதத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு அடி. ஒரு நாளைக்கு முப்பது ஆட்கள். பார்க்க அழகாக இராது. ஏழாம் நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது நூல் இல்லாமலே ஒவ்வொருவருக்கும் பாரம் எந்தக் காலில் என்று உங்கள் கண் சொல்லத் தொடங்கும்.

இருபத்தொரு நிமிடம்

இரண்டாம் வாரத்திலிருந்து நேரம் வைத்துக் கீறுங்கள். 30 விநாடிப் படங்கள் பத்து, 1 நிமிடப் படங்கள் ஐந்து, 2 நிமிடப் படங்கள் மூன்று, கடைசியில் 5 நிமிடப் படம் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 21 நிமிடம். போனில் அலாரம் வையுங்கள். நேரம் முடிந்ததும் கை எங்கே நிற்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.

30 விநாடியில் கீறக்கூடியது ஒரு கோடும் அதைத் தாங்கும் இரண்டு மூன்று கோடுகளும்தான். அந்த முதற்கோடு தலை உச்சியிலிருந்து முதுகு வழியாகப் பாரம் தாங்கும் குதிக்கால் வரை ஒரே இழுப்பில் ஓடவேண்டும். அதை அசைவுக் கோடு என்று வைத்துக்கொள்வோம். அது வில்லாக இருக்கலாம், வளைந்து திரும்பலாம். உயிருள்ளவரிடம் நேர்கோடாக இருப்பது மிக அரிது. மணிக்கட்டால் கீறினால் கோடு குட்டையாக உடையும். தோளிலிருந்து கையை அசையுங்கள்.

1 நிமிடத்தில் தோளும் இடுப்பும் சேரும். 2 நிமிடத்தில் கைகால்களின் தடிப்பு. 5 நிமிடம் கிடைத்தால் உடுப்பின் மடிப்பு. எல்லா மடிப்பையும் கீறாதீர்கள். துணி எங்கே இழுபடுகிறதோ, எங்கே தொங்குகிறதோ அதை மட்டும் கீறுங்கள். சேலை தோளிலும் இடுப்பிலும் இழுபடும். அபாயா அணிந்தவர் நடக்கும்போது தோளிலிருந்து முன்னே போகும் முழங்காலுக்கு ஒரு நீண்ட மடிப்பு ஓடும். உள்ளே கால் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு மடிப்பே சொல்லிவிடும்.

முட்டையும் சிரட்டையும்

கோடு உயிரைத் தரும், கனத்தைத் தராது. அதற்கு உடலை உருண்டைகளாகவும் பெட்டிகளாகவும் யோசிக்கவேண்டும். புத்தகங்கள் சொல்லும் பெட்டிகளைவிட நான் பயன்படுத்துவது இரண்டு வீட்டுச் சாமான்கள். நெஞ்சுக்கூடு ஒரு கோழிமுட்டை. இடுப்பு ஒரு சிரட்டை, வாய் மேலே பார்த்தபடி. சிரட்டையின் வாய் விளிம்பை நீள்வட்டமாகக் கீறுங்கள். அந்த விளிம்பு எந்தப் பக்கம் சரிகிறதோ இடுப்பு அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது; உட்பக்கம் தெரிந்தால் மேலிருந்து பார்க்கிறீர்கள், தெரியாவிட்டால் கீழிருந்து. உண்மையான சிரட்டை ஒன்றை மேசையில் வைத்து இருபது கோணத்தில் கீறிப் பாருங்கள். ஒரு மாலை போதும். முட்டைக்கும் சிரட்டைக்கும் நடுவில் இருக்கும் வயிறுதான் வளையும், திரும்பும், நசியும். ஒரு பக்கம் நசிந்தால் மற்றப் பக்கம் இழுபட்டே ஆகும்.

உயரத்தை அளக்க, தலையை ஒரு அளவாக எடுங்கள். வளர்ந்த ஒருவர் 7 முதல் 7½ தலை உயரம். ஒரு வயதுக் குழந்தை ஏறத்தாழ 4 தலை, நாலைந்து வயதில் 5, ஒன்பது வயதில் 6. பிள்ளையைக் கீறப்போய்ச் சின்ன உருவப் பெரியவரைக் கீறிவிடுவது இந்தக் கணக்குத் தவறுவதால்தான்.

குந்தியிருப்பவர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டு உடற்கூற்றுப் புத்தகங்களில் ஆட்கள் நிற்பார்கள், ஓடுவார்கள், கதிரையில் இருப்பார்கள். நம் ஊரில் ஆட்கள் குந்தியிருப்பார்கள். மீன் வெட்டுபவர், வலை பொத்துபவர், சந்தையில் கீரைக்கட்டு வைத்திருப்பவர், கோயில் வீதியில் கதைபேசும் கிழவர்கள், பன்பாய் இழைக்கும் அம்மாமார். சிலர் சம்மணம், சிலர் ஒரு கால் மடித்து ஒரு கால் குத்திட்டு, பலர் இரண்டு குதிக்காலும் நிலத்தில் பதியக் குந்தி. இந்த இருப்புகளைக் கீறத் தெரியாத நம் ஊர் அனிமேட்டர், நம் கதையைச் செய்யும்போதும் எல்லோரையும் கதிரையில் ஏற்றிவிடுவார். நான் பார்த்த எத்தனையோ மாணவர் படங்களில் கிராமத்துப் பாட்டி கதிரையில் இருந்துதான் கதை சொல்கிறார்.

குந்தியிருப்பவரைப் பக்கவாட்டில் இருந்து பார்த்துத் தொடங்குங்கள். பாதம் முழுக்க நிலத்தில் இருக்கும். புட்டம் குதிக்காலுக்குச் சற்றுப் பின்னால் தொங்கும். அது பின்னால் இழுப்பதால் முழங்காலும் தலையும் கையும் முன்னால் வந்தே ஆகவேண்டும். தூக்குநூலைப் பிடித்துப் பாருங்கள், பாரம் பாதத்தின் நடுவில் விழும். கையை முழங்காலுக்கு மேலால் நீட்டி வைப்பது பழக்கம் மட்டுமல்ல, அந்தக் கைகளும் பாரத்தைச் சமன்படுத்துகின்றன. நீங்களே குந்தியிருந்து கையைப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், மல்லாந்து விழப் பார்ப்பீர்கள்.

முன்னாலிருந்து கீறுவது கடினம், தொடை நம்மை நோக்கி வருவதால் அதன் நீளம் மறைந்துவிடும். அங்கே தொடையைக் கீற முயலாதீர்கள். முழங்காலை ஒரு வட்டமாகவும் இடுப்பை அதற்குப் பின்னால் மறையும் இன்னொரு வட்டமாகவும் போட்டு, முன்வட்டத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு கால்களுக்கும் கைகளுக்கும் நடுவில் தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். அந்தப் பொந்தின் வடிவம் சரியாக வந்தால் கால் தானாகச் சரியாகிவிடும்.

வீச்சுவலை

நிற்பதையும் இருப்பதையும் இரண்டு மாதம் கீறிய பிறகு அசைவுக்கு வாருங்கள். வாவிக்கரைக்குப் போங்கள். காலையில் வீச்சுவலை எறிபவர் ஒருவரைப் பார்த்து, அரை மணித்தியாலம் கொப்பியைத் திறக்காமல் இருந்து பாருங்கள். ஒரே செயலை அவர் திரும்பத் திரும்பச் செய்வார். கீறுபவருக்கு அது பெரிய கொடை. விட்டதை அடுத்த வீச்சில் பிடிக்கலாம்.

அந்த ஒரு செயலுக்குள் அனிமேஷன் பாடம் பாதி இருக்கிறது. முதலில் வலையை மடித்து முழங்கையில் ஏற்றுவார், ஈயக்குண்டு விளிம்பில் கொஞ்சத்தைச் சிலர் பல்லில் கடிப்பார்கள். பிறகு எறியப்போகும் திசைக்கு எதிரே உடம்பைத் திருப்புவார். எந்தச் செயலுக்கும் முன்னால் வரும் இந்த எதிர் அசைவைத்தான் அனிமேஷனில் ஆயத்தம் என்கிறோம். அது இல்லாவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு வீச்சு தெரியவே தெரியாது. பிறகு இடுப்பு முதலில் திரும்பும், தோள் அதன் பின்னால் வரும், கை அதற்கும் பின்னால், கடைசியில் வலை. எல்லாம் ஒன்றாகப் புறப்படாது. வலை கையை விட்டுப் போன பிறகும் உடம்பு நின்றுவிடாது. கை முன்னுக்கு ஓடி, தோள் இழுபட்டு, மெதுவாகத் திரும்பி வரும். வலை வானத்தில் விரிந்து வட்டமாகும் கணம் மிக மெதுவாகத் தெரியும், நீரில் விழும் கணம் சட்டென்று முடியும்.

இதை ஆறு படமாகக் கீறுங்கள்: எடுத்தல், எதிரே திரும்புதல், வீச்சின் தொடக்கம், கைவிடும் கணம், வலை விரிந்த கணம், உடம்பு அடங்குதல். ஒவ்வொன்றிலும் பாரம் எங்கே என்று கறுப்பு அடி போடுங்கள். அனுமதி கேட்டுப் போனில் மெது இயக்க வீடியோ எடுக்கலாம், ஆனால் கீறி முடித்த பிறகு, சரிபார்க்க மட்டும். வீடியோவைப் பார்த்துத் தொடங்கினால் கண் சோம்பேறியாகிவிடும். ஒரு நிமிடம் பார்த்து, முதுகைத் திருப்பி நின்று, நினைவில் இருந்து கீறும் பழக்கத்தையும் இங்கேதான் தொடங்கவேண்டும்.

கடற்கரையில் கரைவலை இழுப்பதும் இதே போல நல்ல பாடம். பத்திருபது பேர் கயிற்றைப் பிடித்துப் பின்சாய்ந்து நிற்பார்கள். ஒவ்வொருவர் தூக்குநூலும் பாதத்துக்கு வெளியே, பின்னால் விழும், கயிறுதான் அவர்களைத் தாங்குகிறது. கயிற்றைக் கீறாமல் விட்டுப் பாருங்கள், எல்லோரும் விழுவது போல் இருக்கும். வலை இழுப்பவர்கள் தாளத்துக்குப் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்கக் கிடைத்தால், அடி வைக்கும் தாளத்தைக் கொப்பி ஓரத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். பின்னால் நேரக்கணக்குக்கு உதவும்.

நவம்பர் தொடங்கி மழை விடாமல் பெய்யும் காலத்தில் வெளியே போகமுடியாது. அப்போது வீட்டில் நிலைக்கண்ணாடி முன் உங்கள் கையைக் கீறுங்கள், சமைக்கும் அம்மாவைக் கீறுங்கள். எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878 இல் வரிசையாகக் கமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் பிடித்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குதிரையின் நான்கு காலும் நிலத்தை விட்டு எழுவது கால்களை நீட்டியபோது அல்ல, அவை வயிற்றுக்கடியில் கூடியபோது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் பின்னாளில் எடுத்த மனித அசைவுத் தொடர்களும் உண்டு. அவற்றைக் கீறிப் பழகலாம்.

கொப்பியில் இருந்து கதாபாத்திரத்துக்கு

மூன்று நான்கு கொப்பி நிறைந்த பிறகுதான் கதாபாத்திரம் உருவாக்கத் தொடங்குங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இந்த ஆள் வாழ்க்கை முழுக்க எதைச் சுமந்தார்?

விறகுக் கட்டுத் தலையில் சுமந்து பழகிய ஒரு பெத்தாவை, அதாவது பாட்டியை, எடுத்துக்கொள்வோம். சுமை தலையில் இருக்கும்போது கழுத்து நிமிர்ந்திருக்கும், தலை மேலும் கீழும் ஆடாது, ஆட்டம் முழுக்க இடுப்பில் இருக்கும். இப்போது விறகை இறக்கிவிடுங்கள். கழுத்து அதே நிமிர்வில்தான் நிற்கும். யாருக்கும் தலை வணங்காதவர் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். நெல் ஆலையில் மூட்டை தூக்குபவருக்கு முதுகின் மேற்பகுதி முன்னுக்கு வளைந்திருக்கும், முழங்கால் எப்போதும் சற்று மடிந்திருக்கும், மூட்டை இல்லாமல் தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போதும். பாடசாலைப் பை சுமக்கும் பிள்ளை முன்சாய்ந்து, நாடியை நீட்டி நடப்பாள். மூன்று பேரையும் கறுப்பு நிழலாக மட்டும் கீறுங்கள். கண், மூக்கு, உடுப்பு ஒன்றுமில்லாமல் யார் யார் என்று உங்கள் தம்பிக்குத் தெரிந்தால் வடிவம் சரி. தெரியாவிட்டால் முகத்தைத் திருத்திப் பயனில்லை, நிழலைத் திருத்துங்கள்.

நிழலுக்கும் வரவுக்கும் நம் பெரிய பள்ளிக்கூடம் கூத்துக்களரி. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது தனக்கென்று தாளக்கட்டோடும் ஆட்டத்தோடும் வரும். அரசன் வரவு வேறு, கட்டியகாரன் வரவு வேறு. பேசத் தொடங்கும் முன்னே ஆள் யார் என்று காலடியே சொல்லிவிடும். வடமோடி அரசரின் கரப்புடுப்பு, மீன் பிடிக்கும் கரப்பைப் போலவே இடுப்பிலிருந்து கீழே அகன்று விரியும். மேலே உயர்ந்த கிரீடம். எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாலும் அந்த நிழல் மாறாது. மின்வெளிச்சம் இல்லாத காலத்தில் விடிய விடியப் பார்த்தவர்களுக்காக உருவான வடிவமல்லவா அது! சி. மௌனகுரு போன்றவர்கள் இந்த ஆட்டங்களை ஆழமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இவை படிப்பாகவே இருக்கின்றன. கூத்துப் பழகும் இடத்துக்குப் போவதாக இருந்தால் முதலில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் அனுமதி கேட்டு, ஒரு ஓரத்தில் இருங்கள். அரங்கேற்றத்தைவிடப் பழக்கம் நல்லது. உடுப்பு இல்லாமல் ஆடும்போது இடுப்பும் முழங்காலும் தெளிவாகத் தெரியும். பின்னர் உடுப்போடு பார்க்கும்போது எது மறைந்தது, எது பெரிதானது என்று ஒப்பிடலாம். கூத்து உடுப்பை அப்படியே எடுத்து உங்கள் கதாபாத்திரத்துக்குப் போடச் சொல்லவில்லை. ஒரு ஆள் உள்ளே வரும் விதத்திலேயே அவரை எப்படிச் சொல்வது என்பதைப் பாருங்கள்.

வடிவம் முடிவானதும் செய்யவேண்டிய தாள்கள் நான்கு. ஒன்று, சுற்றுத்தாள்: முன், முக்கால் முன், பக்கம், முக்கால் பின், பின் என ஐந்து பார்வை. தலை, தோள், இடுப்பு, முழங்கால் மட்டங்களுக்குக் குறுக்கே நேர்கோடு இழுத்து, எல்லாப் பார்வையிலும் அளவு ஒன்றாக இருப்பதை உறுதி செய்யுங்கள். இரண்டு, முகபாவத் தாள். மூன்று, செயல்தாள்: இந்த ஆள் இருப்பது, குந்துவது, தூக்குவது, கோபப்படுவது, தூங்குவது. எனக்கு மற்ற மூன்றையும்விட இதுவே முக்கியம், உங்கள் கொப்பிகள் பயன்படும் இடம் இதுதான். நான்கு, எல்லாக் கதாபாத்திரங்களையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்திய உயர ஒப்பீடு.

நடக்கவிட்டுப் பார்த்தல்

நடக்காத கதாபாத்திரம் இன்னும் முடியவில்லை. படம் ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓடும்; திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு பிரேம். சாதாரண நடையில் ஒரு அடிக்கு 12 பிரேம், இரண்டு அடி சேர்ந்தால் ஒரு சுற்று, 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் கீறினால் போதும். ஒவ்வொரு அடியிலும் நான்கு முக்கிய நிலைகள்: குதிக்கால் ஊன்றுவது, பாரம் இறங்கி உடம்பு தாழ்வது, ஒரு கால் மற்றக் காலைக் கடப்பது, உடம்பு எழுவது. முதலில் இவற்றை மட்டும் கீறி ஓடவிட்டுப் பாருங்கள்.

பிறகு உங்கள் ஆளுக்கு ஏற்ப மாற்றுங்கள். மூட்டை தூக்குபவருக்கு அடிக்கு 16 பிரேம் கொடுங்கள், தாழும் நிலையில் கூட நேரம் நிற்கட்டும், எழும் நிலை மிகக் குறைவாக இருக்கட்டும். பெத்தாவின் தலை உச்சிக்கு ஒரு நேர்கோடு இழுத்து, அதை விட்டு விலகாமல் கீழே இடுப்பை மட்டும் ஆடவிடுங்கள். கணினி இருந்தால், கீறி ஓடவிட உதவும் கிரிட்டா, பிளெண்டர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். 2016 இல் திறந்த மென்பொருளாக வெளிவந்த ஓப்பன்டூன்ஸும் இலவசம். கணினி இல்லாவிட்டால் தாளில் கீறி, போனை ஒரு புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஓட்டலாம். தாள்கள் இடம் மாறாமல் இருக்க மேல் ஓரத்தில் இரண்டு துளை போட்டு, அட்டையில் குத்திய இரண்டு ஆணியில் மாட்டுங்கள்.

வேலைக்கோ படிப்புக்கோ காட்டும் தொகுப்பில் இருபது தாள் போதும். பாதி ஆளைப் பார்த்துக் கீறியவை, மீதி கதாபாத்திரத் தாள்கள், கூடவே ஒரு நடை, ஒரு செயல். இரண்டு விநாடி ஓடினாலும் போதும். கீறியவற்றில் இடம், நாள், எடுத்த நேரம் மூன்றையும் மூலையில் எழுதுங்கள். "கல்லடி, 30 விநாடி" என்று இருந்தால் பார்ப்பவர் அந்தக் கோட்டை வேறு கண்ணால் பார்ப்பார்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கீறியதை, கீறப்பட்டவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். என் வீச்சுவலைத் தொடர் முடிந்ததும் போனில் ஏற்றி வாவிக்கரைக்குக் கொண்டுபோனேன். வலைக்காரர் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கி, மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். "வலை நல்லா வந்திரிக்கி மனே. ஆனா நீ என்ன, காலை எடுத்து வைக்கச் சொல்றாய்? சேத்துக்குள்ள கால் எடுக்க ஏலா. இடுப்புத்தான் சுத்தும்." சொல்லிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, வலை இல்லாமலே ஒரு தரம் வீசிக் காட்டினார். பாதம் இரண்டும் புதைந்த இடத்திலேயே இருந்தன. நான் கரையில் நின்று பார்த்ததால் தண்ணீருக்குள் இருந்த கால் தெரியவில்லை. தெரியாததை, தரையில் எறிபவர் போல நானாக நிரப்பியிருந்தேன். அன்றிரவு மூன்றாம், நான்காம் படங்களைக் கிழித்துவிட்டுத் திரும்பக் கீறினேன். கால் நின்ற இடத்தில் நிற்க, இடுப்புத் திரும்புவதற்கு இரண்டு பிரேம் கூடத் தேவைப்பட்டது.